நலச்சங்க மலரின் இரண்டு பக்கங்கள்

பிரித்ததும் மூக்கில் ஏறும் அச்சு மை, கூடவே பசையின் புளித்த வாடை. செம்பாக்கத்தில் எங்கள் நகர் நலச்சங்கம் ஆண்டு விழாவுக்குப் போட்ட "மலரை" அப்போது ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த நான், அம்மாவின் படம் எந்தப் பக்கம் என்று தேடித்தான் புரட்டினேன், பிள்ளைகளே. பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் நின்று ஜெயித்து அம்மா கவுன்சிலராகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஏரிக்கரைப் பக்கம் நாலு தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது அவர் அலைந்த அலைச்சலால்தான்.

இடது பக்கத்தில் சங்கத் தலைவரின் வாழ்க்கைக் குறிப்பு, வலது பக்கத்தில் அம்மாவுடையது. தலைவர் "பொதுப்பணிக்காக வீட்டையே மறந்த தியாகி"யாம். அம்மாவோ "வீட்டில் உலை வைக்க நேரமின்றிச் சுற்றினாலும், கணவரின் பொறுமையால் சேவை செய்பவர்". இரண்டு பேரும் வீட்டில் தங்காமல்தான் ஊருக்கு உழைத்தார்கள். ஒருவருக்கு அதற்கு மாலை, இன்னொருவருக்குக் குட்டு.

இந்தக் கூத்து எப்படி நடந்தது தெரியுமா? தலைவரைப் பற்றி எழுத மலர்க் குழுவினர் தலைவரிடமே போய்க் கேட்டார்கள். அம்மாவைப் பற்றி எழுத அம்மாவைக் கேட்காமல், பள்ளிக்கூட வாத்தியாரான அப்பாவை டீக்கடையில் பிடித்துக் கேட்டார்கள். அவரும் வாய் சும்மா இல்லாமல், "எங்க வீட்ல உலை வைக்கவே தீர்மானம் போடணும் சார்" என்று கிண்டலடித்துவிட்டு வந்தார்.

விழாவில் அம்மாவின் குறிப்பை மைக்கில் வாசித்தார்கள். போர்த்திய சால்வையை மடியில் வைத்துக்கொண்டு அம்மா மேடையில் உட்கார்ந்திருக்க, கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன், அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு ஆத்திரம் வருகிறது. மறுநாள், "இன்னா கவுன்சிலரம்மா, இன்னிக்காவது வூட்ல உலை வெச்சியா?" என்று கேட்ட பக்கத்துத் தெரு அக்கா, அம்மா கொண்டுவந்த குழாயில்தான் குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அம்மா வீட்டில் சத்தம் போடாமல் அப்பாவிடம் கேட்டார்.

"நீங்க சொன்னது பொய்யில்லங்க. தலைவர் வீட்ல எத்தனை மணிக்கு உலை வெக்கிறாங்கன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சங்கத்துக்கு ஓடினார். அச்சாகிவிட்டது, அடுத்த மலரில் திருத்திப் போட்டுவிடலாம் என்று சொல்லி, காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். அடுத்த வருஷம் காகித விலை ஏறிவிட்டது என்றார்கள். அதற்கடுத்த வருஷம் விழாவே இல்லை. வீடு தேடி வந்து எத்தனையோ பேர் கூப்பிட்டும் அம்மா மறுபடி தேர்தலில் நிற்கவில்லை. "போதும்" என்ற ஒரே சொல்தான்.

இன்று அந்த நாலு தெருவும் அடுக்குமாடி, தெருக்குழாயைப் பிடுங்கியாயிற்று, தலைவரும் இல்லை, அம்மாவும் இல்லை, சங்கம் கைபேசிக்குள் ஒரு குழுவாகச் சுருங்கிவிட்டது. அம்மாவை எதிரே உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு அப்பா கைப்பட எழுதிய திருத்தம் ஒரு முழுப் பக்கம் என்னிடம் இருக்கிறது. போடுவதற்குத்தான் மலர் இல்லை.