கூரைமேல் ஏறிய நட்சத்திரம்

எங்கள் சபையில் அஸ்திவாரத்தைப் பற்றி நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். கூரையைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. நாகலாபுரம் பக்கம் அடிக்கிற காற்றோ அஸ்திவாரத்தை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நேராக மேலே போய்விடுகிறது.

போன வருஷப் புயலில் எங்கள் வீட்டுத் தகர ஷீட்டுகள் சில எழுந்து போய்ப் பக்கத்துக் கரும்புக் கொல்லையில் விழுந்தன. மறுநாள் பார்க்க ஆள் வந்தபடியே இருந்தது. நனைந்த பாயில் உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்து, "கர்த்தர் ஏதோ நோக்கத்தோடதான் செஞ்சிருப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். தங்கள் வீட்டுக் கூரை நிற்கிறவர்களுக்குத்தான் கர்த்தருடைய நோக்கம் இவ்வளவு சுலபமாகப் புரிகிறது.

என் வீட்டுக்காரருக்கு ரேணிகுண்டாவில் ஒர்க்‌ஷாப் வேலை. நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிற மனுஷன். ஆனால் சொந்தக் கூரையை நிறுத்த அவருக்குத் தெரிந்த வழி, மேலே பாரம் ஏற்றுவது. செங்கல், லாரி டயர், உடைந்த ஆட்டுக்கல். காற்று அடியில் புகுந்துதான் தூக்குகிறது என்று எத்தனை தரம் சொன்னாலும், "இன்னொரு கல்லு வெச்சா சரியாப் பூடும்மே" என்பார். அந்த ஆட்டுக்கல் என்றைக்கு இறங்கும் என்று நினைத்தபடியே அதன் கீழே படுத்துத் தூங்கியவள் நான்.

இந்த வருஷம் அப்படி விட முடியவில்லை. மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். மழை தொடங்கும்போது பேத்தி பிறந்தாள். எங்கள் வீட்டில் தூளி கட்ட இருக்கிற ஒரே இடம் கூரையைத் தாங்குகிற இரும்புப் பைப்தான். கூரை போனால் தூளியும் சேர்ந்து போகும். இதைச் சொன்ன பிறகுதான் அவர் ஆட்டுக்கல்லை இறக்கினார். ஒர்க்‌ஷாப்பிலிருந்து கொக்கி போல்ட்டும் ரப்பர் வாஷரும் வந்தன. ஒவ்வொரு ஷீட்டையும் பைப்போடு சேர்த்து முடுக்கினோம். பைப்பின் முனைகளைக் கம்பி போட்டுச் சுவரில் இறக்கிக் காங்கிரீட்டால் அடைத்தோம். அன்று ராத்திரிதான் நிம்மதியாகப் படுத்தேன்.

அந்த நிம்மதியைக் கெடுக்க என் கொழுந்தனார் வந்தார். அவர் சபைக் கமிட்டியில் பெரிய ஆள். டிசம்பர் பிறந்தால் கிறிஸ்தவ வீடுகளில் கழி நட்டு நட்சத்திரம் கட்டுவது எங்கள் வழக்கம். எதிர்வீட்டுக்காரர்கள் எங்கள் சபையை விட்டுப் பிரிந்து தனி ஜெபவீடு வைத்தவர்கள். அன்றிலிருந்து யாருடைய நட்சத்திரம் உயரம் என்பதுதான் எங்கள் தெருவில் வேத ஆராய்ச்சி.

"அண்ணி, அவங்க நட்சத்திரம் தண்ணி டேங்குக்கு மேல போய்க்கினு கீது. நம்ம சபை மானம் இன்னாவறது?"

"மானத்த தரையில நடு. கூரை மேல வேணாம்."

"இப்பதான் கூரை கெட்டியாயிடுச்சே. போல்ட்டு போட்டாச்சி. இனிமே எம்மாம் பெரிய கழி வெச்சாலும் தாங்கும்."

புயலுக்காக நான் போட்ட போல்ட்டு, அவருடைய கழிக்காகப் போட்டது என்று ஆகிவிட்டது. என் வீட்டுக்காரரும் தலையாட்டினார். தம்பி கேட்டால் அவருக்கு மறுக்க வராது. பனை உயரத்துக்கு ஒரு சவுக்குக் கழியைக் கொண்டுவந்து, தூளி தொங்குகிற அதே பைப் சுவருக்கு வெளியே நீட்டியிருந்த இடத்தில் கட்டினார்கள்.

நட்சத்திரத்துக்காக ஜெபிக்க வந்த போதகரிடம் சொன்னேன். "ஐயா, காத்து வந்தா இந்தக் கழி கூரையப் பேத்துடும். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அவர் கழியைப் பார்த்தார். கமிட்டிக்காரரைப் பார்த்தார். "ஜெபத்துல வெப்போம்மா" என்றார்.

நானும் ஜெபிக்கிறவள்தான். முழங்கால் போடாமல் காலையில் அடுப்பைப் பற்றவைத்ததில்லை. ஆனால் வாய் திறந்து சொல்ல வேண்டியதை ஜெபத்துக்குள் ஒளித்துவைப்பதை ஜெபம் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அடுத்த வாரமே புயல் கிளம்பியது. துபான் வருகிறது, யாரும் வெளியே வரவேண்டாமென்று மைக் கட்டின ஆட்டோ தெலுங்கில் சொல்லிக்கொண்டு போயிற்று. பஸ் இல்லாததால் என் வீட்டுக்காரர் வீட்டில்தான் இருந்தார். நட்சத்திரத்துக்குக் காவலாகக் கொழுந்தனாரும் வந்து உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். மத்தியானம் காற்று ஏறியதும் தூளி தானாக ஆடத் தொடங்கியது.

"பாரு அண்ணி, நட்சத்திரமே கொழந்தைக்குத் தாலாட்டுது" என்று அவர் சிரித்தார்.

நான் தூளிக்குள் பார்த்தேன். குழந்தையின் போர்வைமேல் சிமெண்ட் பொடி உதிர்ந்திருந்தது. மேலே, சுவரில் பைப் இறங்குகிற இடத்தில் விரிசல். குழந்தையைத் தூக்கி மகளிடம் கொடுத்துவிட்டு அரிவாளை எடுத்தேன்.

"எங்கமே போற?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கழிய எறக்க."

"சபையில கேப்பாங்கமே."

"கேக்கறவங்கள வந்து இந்தத் தூளியில படுக்கச் சொல்லுங்க."

அவர் தூளியைப் பார்த்தார். பிறகு காற்று மறைவான பக்கம் ஏணியைச் சாத்திப் பிடித்துக்கொண்டார். நான் ஏறிக் கயிற்றை வெட்டினேன். கழி முருங்கை மரத்தின்மேல் சாய்ந்தது. கொழுந்தனார் வாசலில் நின்று, நான் கோயில் கோபுரத்தையே வெட்டிச் சாய்த்ததைப் போலப் பார்த்தார்.

அதன் பிறகுதான் நிஜமான காற்று வந்தது. ஷீட்டெல்லாம் அலறின. ஒன்றும் கிளம்பவில்லை. சாயங்காலம் கதவு தட்டுகிற சத்தம். பல வருஷமாக என்னோடு பேசாத எதிர்வீட்டுக்காரி, சொட்டச் சொட்டக் குடும்பத்தோடு நின்றாள். உலர்ந்த புடவை கொடுத்தேன்.

"உங்க நட்சத்திரம் எங்கக்கா?" என்றாள்.

"முருங்க மரத்துல கீது. உங்களுது?"

"தெர்லக்கா. கூரையையும் கூட்டிக்கினு பூட்ச்சி."

அவளேதான் முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள்.

ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் கொழுந்தனார் எழுந்தார். "நாம ஒசத்தின நட்சத்திரத்தக் கண்டு துபானே ஒதுங்கிப் போச்சி" என்றார். சபை அல்லேலூயா சொன்னது. முருங்கை மரம் மட்டும் சபைக்கு வந்திருந்தால் வேறு சாட்சி சொல்லியிருக்கும்.

போதகர் என்னையும் கூப்பிட்டார். எழுந்து நின்றேன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கூரை நின்னுது. கழிய நான் வெட்டனேன், ஏணிய இவரு புடிச்சாரு. எதிர்வீட்டுக்காரங்க கூரை இல்லாம எங்க வீட்டுல கீறாங்க. அவங்க ஷீட்ட தேடி எடுத்தாச்சி. போல்ட்டும் எங்ககிட்ட மிச்சம் கீது. ஆள்தான் வேணும். இன்னிக்கி மத்தியானம் யார் யார் வர்றீங்க?"

அல்லேலூயா வரவில்லை. போதகர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதையும் ஜெபத்துல..." என்று ஆரம்பித்தார். என் வீட்டுக்காரர் எழுந்து, "ஜெபத்த முடிச்சிட்டே வாங்க ஐயா, ஏணி ரெடியா கீது" என்றார். அவர் சபையில் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

போதகர் வந்தார். வெள்ளை அங்கி இல்லாமல், லுங்கியோடு. கொழுந்தனாரும் வந்தார், கழியை எடுத்துப்போக. அவர் கையில் ஸ்பானரைக் கொடுத்து எதிர்வீட்டுக் கூரைமேல் ஏற்றிவிட்டோம். பொழுது சாய்வதற்குள், தெருவில் போகிறவர்களிடமெல்லாம் வாஷர் எப்படிப் போடவேண்டும் என்று மேலேயிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்கள் நட்சத்திரத்தை ஜன்னல் கம்பியில் கட்டியிருக்கிறேன். பைப் முனையைத் திரும்பப் பூசியாயிற்று. தூளி இப்போது யாராவது ஆட்டினால்தான் ஆடுகிறது.