குணநாயகம் மாஸ்டரிடம் சொல்லாமல் விட்டது

செவ்வாய்க்கிழமை காலை வைத்தியருடன் ஆஸ்பத்திரி விடுதியில் கட்டில் கட்டிலாகச் சுற்றி வந்துகொண்டிருந்தபோது கைத்தொலைபேசி அடித்தது. குணநாயகம் மாஸ்டரின் மகள். “அப்பா காலமை போயிட்டார், சிஸ்டர். உங்களுக்கு அறிவிக்கச் சொன்னவர்” என்றார். சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். இத்தனை வருடத் தாதி வேலையில் சாவுச் செய்தியை நின்றபடியே கேட்கப் பழகிவிட்டது.

மாஸ்டரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். உடுப்பிட்டியைச் சேர்ந்தவர். பாடசாலையில் சங்கீதம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வயலின்காரர், மேடையில் பெரிதாகப் பெயரெடுத்தவர் அல்லர், அதை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அவருடைய மனைவி சத்திரசிகிச்சை முடிந்து எங்கள் பெண்கள் விடுதியில் நோவோடு கிடந்தபோது, வைத்தியரின் அனுமதியோடு பக்கத்தில் இருந்து மெல்ல வாசித்தார். மற்றக் கட்டில்களிலும் கேட்டார்கள். மனைவி சுகமாகி வீட்டுக்குப் போன பிறகும் செவ்வாய், வெள்ளிப் பின்னேரங்களில் மாஸ்டர் வந்துகொண்டிருந்தார்.

சுருதி சேர்ப்பதை வெளியே வேப்பமரத்தடியில் முடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார். கட்டிலில் கிடப்பவரின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, அந்த வேகத்திலேயே தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் குறைப்பார். “நோவை மாத்த எனக்குத் தெரியாது, சிஸ்டர். மூச்சோடை கொஞ்சத் தூரம் கூட நடக்கிறன், அவ்வளவுதான்” என்பார். ஒருமுறை நம்பாமல் மணிக்கூட்டைப் பார்த்து ஒரு நோயாளியின் மூச்சை எண்ணினேன். குறைந்துதான் இருந்தது. அதை எழுதக் குறிப்பேட்டில் இடம் இல்லாததால் எழுதவில்லை.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. பித்தப்பை எடுத்த ஓர் அம்மா, இரண்டு நாளில் வீட்டுக்குப் போகவேண்டியவர். அவருடைய நெற்றியில் திருநீற்றைக் கண்டு, வெள்ளிக்கிழமையும் ஆயிற்றே என்று மாஸ்டர் ஒரு பதிகத்தை வாசித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் சாகக் கிடப்பவரின் தலைமாட்டில் பாடும் பதிகம் அது. மாஸ்டருக்கு அதன் இராகம்தான் மனதில் நின்றிருக்கிறது. அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மகளைக் கூப்பிட்டு, “எனக்கு நாள் முடிஞ்சுது, ஒருத்தரும் சொல்லேல்லை. பசுவை இளையவளுக்குக் குடு” என்றார். கஞ்சியைத் தொடவில்லை. மகன்மார் என்னோடு சண்டைக்கு வந்தார்கள். “உயிரோடை இருக்கிற ஆளுக்கு ஏன் உந்தப் பதிகத்தை வாசிச்சவர்?”

விடுதி முழுக்கக் கேட்கும்படி, “இனிமேல் நீங்கள் இஞ்சை வரவேண்டாம், மாஸ்டர்” என்றேன். “பிழை என்ரைதான்” என்று வயலினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு போனார். அந்த அம்மா வைத்தியர் சொன்ன நாளிலேயே சுகமாக வீட்டுக்குப் போனார். பசு யாருக்கும் போகவில்லை.

ஒரு மாதத்துக்குப் பின் நெல்லியடியிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். புற்றுநோய். முன்பும் எங்களிடம் தங்கியிருந்தவர்; அப்போதெல்லாம் மாஸ்டர் வாசித்தால் ஊசி போடுவதற்கு முன்பே கண்ணயர்ந்துவிடுவார். “வயலின் மாஸ்டர் இண்டைக்கு வருவாரோ?” என்று கேட்டார். “பாப்பம், ரீச்சர்” என்றேன். அடுத்த நாளும் கேட்டார். மூன்றாம் நாள், “அவருக்கு ஏதும் சுகமில்லையோ?” என்றார். மாஸ்டரின் தொலைபேசி எண் என் மேசை லாச்சிக்குள் இருந்தது. நான் எடுக்கவில்லை. எல்லார் முன்னாலும் சொன்ன சொல்லை எல்லார் முன்னாலும் திருப்பி எடுக்க மனம் வரவில்லை. வேறு காரணம் ஒன்றும் இல்லை. நாலாம் நாள் ரீச்சர் கேட்கவில்லை. மத்தியானம் காலமானார்.

அடுத்த கிழமை மாஸ்டரைக் கூப்பிட்டேன். திரும்ப வரலாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு கட்டிலின் கால்மாட்டிலும் நின்று, “வாசிக்கட்டே? வேண்டாமெண்டாலும் சரி” என்று கேட்டுத்தான் பெட்டியைத் திறப்பார். ஒரு பெண் ஐந்து தரம் தொடர்ந்து வேண்டாம் என்றார். ஐந்து தரமும் நன்றி சொல்லி நகர்ந்தார். எனக்குத்தான் கோபம் வந்தது. அதற்கு அவர், “ஊசி வேண்டாமெண்டால் நீங்கள் விடமாட்டியள். மருந்துக் குளிசை வேண்டாமெண்டாலும் விடமாட்டியள். இஞ்சை கிடக்கிற சனம் வேண்டாமெண்டு சொல்லக்கூடியது என்னை மட்டும்தான். சொல்லட்டுமன்” என்றார்.

ஒரு பின்னேரம் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, “நான் வராமல் விட்ட நாளிலை ஒருத்தரும் தேடியிருக்கமாட்டினம், என்ன சிஸ்டர்?” என்றார். கேள்வியாகத்தான் கேட்டார். நான் எதையோ எடுக்கவேண்டும் என்று சொல்லி எழுந்து போனேன்.

போன மாதம் அவரே படுக்கையில் விழுந்தார். சொல்லிவிடவேண்டும் என்றுதான் பார்க்கப் போனேன். அவர் விடுதியில் நடப்பவற்றை விசாரித்தார், களைத்துப்போயிருந்தார். தலையணையைச் சரிசெய்து வைத்துவிட்டு வந்தேன். அது எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை.

நேற்று உடுப்பிட்டிக்குப் போனேன். வீடு நிறையச் சனம். என் முறை வந்ததும் பூவைப் போட்டேன், ஆனால் நகர முடியவில்லை. அழுதுவிட்டேன்; அழுவேன் என்று நினைத்திருக்கவில்லை. பின்னால் ஆட்கள் காத்து நிற்க, குனிந்து அவருடைய காதடியில் சொன்னேன்.

“தேடினவ, மாஸ்டர். நெல்லியடி ரீச்சர். மூண்டு நாள் உங்களைக் கேட்டவ. நான்தான் கூப்பிடேல்லை. போயிட்டு வாங்கோ.”