மூன்று முறை பார்த்த மைல்கல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். என்னிடம் படித்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்வாள். அதிலும் எனக்குப் பதில் தெரியாத கேள்வியை யாராவது கேட்டுவிட்டால் போச்சு, அன்றைக்கு அவள் பாடு திண்டாட்டம்தான்.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அருப்புக்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தற்காலிகக் கணக்கு டீச்சராக இருந்தேன். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் எல்லாரும் அடுத்தவர் காட்டில் மிளகாய்ப் பழம் பறித்தவர்கள். நானும் பறித்திருக்கிறேன். அந்தக் கையோடு மறந்துபோய்க் கண்ணைக் கசக்கினால் உயிர் போய் உயிர் வரும். அப்படிப்பட்டவளிடம் தலைமையாசிரியை ஒரு நாள் சொன்னார்: திங்கட்கிழமை இன்ஸ்பெக்டர் அம்மா வந்து என் அல்ஜீப்ரா வகுப்பில் உட்காரப் போகிறார். திருப்தி என்று அவர் எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் எனக்கு மறுபடியும் மிளகாய்க் காடுதான்.

பாடம் ஃபங்ஷன். எக்ஸ் என்று ஒன்று, ஒய் என்று ஒன்று. இரண்டையும் ஜோடி சேர்த்தால் அது ரிலேஷன். ஒவ்வொரு எக்ஸுக்கும் ஒரே ஒரு ஒய்தான் ஜோடி என்றால் அது ஃபங்ஷன். டிரெயினிங்கில் நெட்டுருப் போட்டதை வெள்ளிக்கிழமை வகுப்பில் அப்படியே ஒப்பித்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரி. நான் வரும் பஸ்ஸில்தான் அவளும் வருவாள்.

“டீச்சர், ரெண்டு எக்ஸுக்கு ஒரே ஒய் வந்தாப் பரவாயில்லங்கிறீக. ஒரு எக்ஸுக்கு ரெண்டு ஒய் வந்தா மட்டும் ஆகாதுங்கிறீக. அது என்ன ஓரவஞ்சன?”

நல்ல கேள்வி. எனக்குப் பதில் தெரியவில்லை. “வந்துட்டா பெரிய வக்கீலு! ஏறு பெஞ்சு மேல!” என்று கத்தினேன். மணி அடிக்கிற வரைக்கும் நின்றாள். சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கம் திரும்பவே இல்லை. சனிக்கிழமை முழுக்கப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். விதி இருந்தது, காரணம் இல்லை. ஞாயிறு காலை சர்ச்சில் முழங்காலில் நின்றபோதும் அந்த ஓரவஞ்சனைதான் மண்டையைக் குடைந்தது. கர்த்தரே, இதையாவது சொல்லிக்கொடும் என்று கேட்டேன்.

அப்போது பெட்ரோல் கிடைக்காது, பஸ்களெல்லாம் கரியில்தான் ஓடின. வண்டியின் பின்னால் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பு. அதில் கரியைக் கொட்டி, கிளீனர் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். அரை மணி நேரம் ஊதினால் வண்டி ஒரு இருமல் இருமும். சமதரையில் எப்படியோ போய்விடும். ஓடையில் இறங்கி அந்தப் பக்கத்து மேட்டில் ஏறும்போதுதான் அதன் வண்டவாளம் தெரியும்.

மேட்டில் பாதியில் ஒரு மைல்கல் உண்டு. திங்கட்கிழமை காலை வண்டி முக்கி முனகி அதைத் தாண்டியது. “அப்பாடா” என்றேன். என் வாய் முகூர்த்தம், வண்டிக்கு மூச்சு நின்று, பின்னாலேயே உருண்டு, அந்தக் கல்லை மறுபடி தாண்டி ஓடைக்குள் வந்து நின்றது. எல்லாரும் இறங்கினோம். ஆத்திரத்தில் நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளினேன், முகமெல்லாம் கரி. வண்டி உறுமியதும் ஏறிக்கொண்டோம். மூன்றாவது முறையாக அதே கல் வந்தது. தாமதத்துக்குத் தலைமையாசிரியையிடம் காரணம் சொல்ல வேண்டுமே என்று கண்டக்டரிடம் பாய்ந்தேன்.

“ஏண்ணே, இந்தக் கல்லத் தாண்டுறப்ப மணி என்ன? அதச் சொல்லுங்க முதல்ல!”

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எந்தத் தடவையக் கேக்குறீக டீச்சரம்மா? முதல்ல ஏறையில ஏழே முக்கா. உருண்டு வரையில ஏழு நாப்பத்தாறு. இப்ப எட்டு. மணியச் சொல்லுங்க, வண்டி எங்க இருந்துச்சுன்னு டக்குனு சொல்லிருவேன். கல்லக் காட்டி மணி கேட்டா நான் எதைன்னு சொல்ல?”

பஸ்ஸே சிரித்தது. முன் சீட்டிலிருந்த அந்தக் கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் சிரிக்காமல் சட்டென்று திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் பொறி தட்டிவிட்டது.

வகுப்புக்குள் நுழைந்தபோது இன்ஸ்பெக்டர் அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். சிரிப்பு என்றால் என்ன விலை என்று கேட்கிற முகம். எழுதி வைத்திருந்த பாடத்தை மூடிவிட்டு, போர்டில் படுக்கைக் கோடு ஒன்று போட்டு நேரம், எக்ஸ் என்றும், நெட்டுக்கோடு ஒன்று போட்டு தூரம், ஒய் என்றும் எழுதினேன். பஸ் ஏறி, உருண்டு, மறுபடி ஏறியதை வளைகோடாக வரைந்தேன். மைல்கல் இருந்த உயரத்தில் குறுக்கே கோடு இழுத்தால் மூன்று இடத்தில் வெட்டியது. எந்த மணிக்கு நேராக நெட்டுக்கோடு இழுத்தாலும் ஒரே இடத்தில்தான் வெட்டியது.

இன்ஸ்பெக்டர் அம்மா கடைசி பெஞ்சைக் காட்டினார். “நீ சொல்லு. ஒரு எக்ஸுக்கு ரெண்டு ஒய் வந்தா என்ன தப்பு?” அதே பெண்.

“ஒரே வண்டி ஏழே முக்காலுக்கு ஓடையிலயும் நிக்கிது, மேட்டுலயும் நிக்கிதுன்னு ஆயிரும்மா. அது நடக்குமா? ஆனா ஒரே கல்ல மூணு வேற வேற நேரத்துல தாண்டலாம். மணியச் சொன்னா இடம் தெரியும், அது ஃபங்ஷன். இடத்தச் சொன்னா மணி தெரியாது, அது வெறும் ரிலேஷன்.”

“பேஷ்! யார் சொல்லிக்கொடுத்தா?”

“கண்டக்டரும்மா.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தலைமையாசிரியை கண்ணை மூடிக்கொண்டார். விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நான் சமாளித்திருக்கலாம். மிளகாய்க் காடு கண் முன்னால் வந்து நின்றது. ஆனாலும் அவள் பெஞ்சு மேல் நின்றதுதான் அதைவிட உறுத்தியது.

“நெசந்தாங்கம்மா” என்றேன். “வெள்ளிக்கிழமை இதே கேள்விய இவ கேட்டா. எனக்குப் பதில் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கப்பட்டு இவளப் பெஞ்சு மேல ஏத்திட்டேன். தப்பு என்னோடது.”

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். இன்ஸ்பெக்டர் அம்மா ரொம்ப நேரம் எழுதினார். பிறகு பேனாவை மூடி, கண்ணாடியைக் கழற்றி, கரி அப்பிய என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார்.

“கண்டக்டருக்கு இந்தப் பள்ளிக்கூடத்துல வேலை போட எனக்கு அதிகாரம் இல்லை” என்றார். “அதனால நீங்களே இருங்க. முதல்ல போய் முகத்தைக் கழுவிட்டு வாங்க.”