பதிவு எண் இல்லாத வரைபடம்

தலைச்சோலையிலிருந்து ஒண்டிக்கடைக்கு நடந்துகொண்டிருந்தேன். சுருட்டிய வரைபடம் கக்கத்தில் இருந்தது. பஸ் வந்தது. கை காட்டவில்லை. உட்கார்ந்து போகும் மனநிலை இல்லை.

காப்பித் தோட்டத்துக்குள் கட்டவிருந்த ஒரு தங்கும் விடுதியின் வரைபடம் அது. சரிவை வெட்டாமல், ஒரு மரத்தைக்கூடச் சாய்க்காமல், அறைகளைப் படிப்படியாக இறக்கி வரைந்திருந்தேன். தோட்ட முதலாளிக்குப் பிடித்திருந்தது. கீழ் மூலையில் என் பெயரை எழுதி, பக்கத்தில் 'ஆர்க்கிடெக்ட்' என்று போட்டேன். பத்து வருடமாகப் பல ஊர்களில் வரைந்தவன். வேலை செய்த இடங்களில் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

அதை அனுமதிக்குக் கொண்டுபோன, எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் அன்று மதியமே திரும்பி வந்தார்.

“ஏனுங்க, பேருக்குக் கீழ பதிவு நெம்பரு எங்கன்னு ஆபீசுல கேக்கறாங்க.”

“அது இல்லீங்க.”

“அப்பறம் எதுக்குங்க ஆர்க்கிடெக்ட்டுனு போட்டீங்க? நானுந்தான் எஸ்டேட்டு மாட்டுக்கெல்லாம் ஊசி போடறேன். டாக்டருன்னா போட்டுக்கறேன்?”

முதலாளி சிரிக்கவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கிளம்பிவிட்டேன்.

ஒண்டிக்கடை டீக்கடையில் ஓர் அம்மா வரைபடம் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே கட்டும் ஓட்டலுக்கு ஆர்க்கிடெக்ட். அவர் பெயருக்குக் கீழே எண் இருந்தது. அதை எப்படி வாங்குவது என்று நேராகவே கேட்டேன்.

“என்ன படிச்சிருக்கீங்க?”

“டிப்ளமோங்க. மேத்ஸ் பேப்பர் ஒண்ணு பாஸாகாம நிக்குது.”

“மொதல்ல அத முடிங்க. அப்பறம் நுழைவுத் தேர்வு. ஆர்க்கிடெக்ட் கவுன்சில் அங்கீகாரம் இருக்கற காலேஜான்னு பாத்துச் சேருங்க. பி.ஆர்க். அஞ்சு வருசம். அதுக்கப்பறந்தான் நெம்பரு.”

“இத்தன வருசம் வரைஞ்சிருக்கேனே, நடுவுல சேர முடியாதுங்களா?”

“மொத வருசத்துல இருந்துதாங்க.”

ஒரே ஊரில் ஐந்து வருடம் நான் இருந்ததே இல்லை. மேத்ஸைவிட அதுதான் கஷ்டமாகத் தெரிந்தது.

என் வரைபடத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தார். “மழத்தண்ணிக்கு வழி விட்டிருக்கீங்க” என்றார். பிறகு, “நாளைக்குச் சரிவு அளக்கறோம். அளவுகோல் புடிக்க ஆளு வேணும். வர்றீங்களா?”

“எத்தன நாளைக்குங்க?”

“ஓட்டலு முடியற வரைக்கும் வேல இருக்குது. அதுக்குள்ள அந்த மேத்ஸ முடிச்சிருவீங்களா?”

டீயைக் குடித்துவிட்டு, காலையில் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஓட்டல் கட்டும் இடத்துக்குப் போனேன். வருகைப் பதிவேட்டில் பெயருக்குப் பக்கத்தில் என்ன வேலை என்று எழுதச் சொன்னார்கள். 'ஹெல்பர்' என்று எழுதிவிட்டு, அளவுகோலைத் தூக்கிக்கொண்டு சரிவில் இறங்கினேன்.