நான் ‘கட்டி’ என்று சொன்ன கருப்பை

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஸ்கேன் அறையில் நடந்தது இது. அப்போது நான் ஸ்கேன் எடுப்பதற்கான டிப்ளோமா படிப்பில் கடைசிப் பயிற்சியில் இருந்தேன். அப்பா லோரி ஓட்டுகிறார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். இருவருமே ஆறாம் வகுப்பைத் தாண்டாதவர்கள். எங்கள் குடும்பத்தில் மேலே படிக்கப் போன முதல் ஆள் நான்தான்.

என்னோடு பயிற்சியில் இருந்தவள் என் வகுப்புத் தோழி. அவளுடைய அப்பா டாக்டர். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அவள் மேல் எனக்கு அப்படி ஒரு பொறாமை. நான் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ரயிலில் நின்றபடியே வந்து சேருவேன். அவள் காரில் வந்து இறங்குவாள். எங்களுக்குப் பயிற்சி தரும் சீனியர் ஏதாவது கேட்டால், நான் மனதுக்குள் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போதே அவள் பதில் சொல்லி முடித்திருப்பாள். வீட்டிலேயே டாக்டர் இருந்தால் யாருக்குத்தான் வராது என்று பொருமுவேன்.

அவளை முந்த வேண்டும் என்பதற்காகவே பெண்ணின் இனப்பெருக்க உறுப்புகளின் படத்தைத் திரும்பத் திரும்ப வரைந்து பழகினேன். நடுவில் கருப்பை, இரு பக்கமும் கை விரித்தாற்போல் கருக்குழாய்கள், அவற்றின் முனையருகே சினைப்பைகள். ஒன்றைக் கட்டிலுக்கு மேல் ஒட்டியும் வைத்திருந்தேன். அறைத்தோழன் அதைப் பார்த்துவிட்டு, “என்னடா, மாட்டுத் தலைய வரைஞ்சு சாமி கும்புடுறியா?” என்று சிரித்தான். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கண்ணை மூடினாலும் அந்தப் படம் எனக்குத் தெரிந்தது.

அன்று காப்பாரிலிருந்து ஓர் அக்கா வந்திருந்தார். கல்யாணமாகி நான்கு வருடங்கள், இன்னும் குழந்தை இல்லை. கணவர் மோட்டாரில் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியே காத்திருந்தார். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் ஸ்கேனில் கருப்பை நன்றாகத் தெரியும் என்பதால், அந்த அக்கா வயிறு முட்டத் தண்ணீர் குடித்திருந்தார். “தம்பி, சீக்கிரம் பாரு லா, முடியல” என்று சிரித்தபடியே படுத்தார்.

அளவெடுத்து வைக்கச் சொல்லிவிட்டு சீனியர் பக்கத்து அறைக்குப் போனார். பெண்களை நான் பார்க்கும்போது ஒரு பெண் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. அன்று கூட நின்றவள் என் தோழிதான்.

அடிவயிற்றில் ஜெல் தடவி, கருவியைக் குறுக்காக வைத்துப் பார்த்தேன். திரையில் நான் வரைந்து பழகிய படம் வரவில்லை. கருப்பை இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரிந்தது; அதற்குப் பின்னால், ஆழத்தில், உருண்டையாகக் கறுப்பாக ஏதோ ஒன்று. எனக்குள் சந்தோஷம் குதித்தது. ஆமாம், சந்தோஷம்தான். அவள் கண்ணில் படுவதற்கு முன் நான் கண்டுபிடித்துவிட்டேன் அல்லவா?

நோயாளி முன்னால் எதையும் சொல்லக் கூடாது. தப்பித்தவறிப் பேசினாலும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். அன்று நான் தமிழில் சொன்னேன். “இங்க பாரு, பெரிய கட்டி.” வாய் தவறி வந்ததாக வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். கண்டுபிடித்தவன் நான் என்பது அந்த அக்காவுக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “கட்டியா? அப்போ எனக்குப் புள்ளையே பொறக்காதா தம்பி?”

தோழி என்னைத் தள்ளவில்லை, முறைக்கவும் இல்லை. அந்த அக்காவிடம் அனுமதி கேட்டுவிட்டு, கருவியை வாங்கி நீளவாக்கில் திருப்பினாள். கருப்பையின் வாய் தெரிந்தது. அதைத் தொடர்ந்து மெதுவாக நகர்த்தினாள். கருப்பை முன்பக்கம் சாயாமல் முதுகுப் பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. நான் கட்டி என்றது அதன் மேல்பகுதியைத்தான். ஆழத்தில் இருந்ததால் கறுப்பாகத் தெரிந்திருக்கிறது.

“கட்டி மாதிரி எனக்குத் தெரியலக்கா. கர்ப்பப்பை பின்னால சாஞ்சிருக்கு, அவ்ளோதான். சீனியரும் வந்து பாத்துருவாங்க.”

“சாஞ்சிருந்தா புள்ள தங்காதுன்னு மாமியார் சொல்றாங்களே?”

“எத்தனையோ பேருக்கு இப்படி இருக்குக்கா. அவங்களுக்கும் புள்ள பொறக்குது. இது நோய் இல்ல.” கொஞ்சம் நிறுத்தி, என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எனக்கும் அப்படித்தான் இருக்கு.”

என் மணிக்கட்டிலிருந்து அந்தப் பிடி தளர்ந்தது.

சீனியர் வந்து பார்த்து, கட்டி எதுவும் இல்லை என்று உறுதிசெய்தார். பிறகு என்னை வெளியே கூப்பிட்டு விட்ட டோஸை இங்கே எழுத முடியாது. போகும்போது அந்த அக்கா என்னிடம், “பாத்ரூமாச்சும் எங்க இருக்குன்னு சரியா காட்டு தம்பி” என்றார். காட்டினேன்.

மதியம் கேன்டீனில், இதெல்லாம் உன் அப்பா சொல்லிக் கொடுத்ததா என்று தோழியிடம் கேட்டேன். அப்போதும் பொறாமை விடவில்லை. அவள் சிரித்தாள். பதினேழு வயதில், மாதவிடாய் வலிக்காக ஸ்கேன் எடுக்கப் போனாளாம். எடுத்தவர் “நார்மலா இல்லையே” என்று முணுமுணுத்துவிட்டுப் போய்விட்டார். அவளைப் பார்த்த டாக்டர் கூப்பிட்டு விளக்கும்வரை இரண்டு வாரம் தலையணைக்குள் அழுதிருக்கிறாள்.

“அப்பாகிட்ட கேக்க வேண்டியதுதானே?”

“டாக்டரா இருந்தா என்ன? அப்பாதானே. எப்படிடா போய்க் கேக்கறது?”

இத்தனை நாளாக நான் எதைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தேன் என்று எனக்கே புரியவில்லை.

இன்று எனக்கும் இதுதான் வேலை. எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். முன்னால் சாய்ந்தது, பின்னால் சாய்ந்தது, நிமிர்ந்து நிற்பது, ஒரு பக்கம் சற்றே ஒதுங்கியது. இரண்டு சினைப்பைகளும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. கட்டிலுக்கு மேல் ஒட்டிய அந்தப் படம் அச்சு அசலாக யாரிடமும் இருக்கவில்லை.

அவள் மேல் இன்னமும் எனக்குப் பொறாமை உண்டு. ‘எனக்கும் அப்படித்தான்’ என்ற வார்த்தையை எவ்வளவு படித்தாலும் ஆணான என்னால் யாரிடமும் சொல்ல முடியாது. அதனால்தான் திரையில் பழகாத ஒன்று தெரியும்போதெல்லாம் வாயை மூடிக்கொண்டு, கருவியைத் திருப்பி இன்னொரு முறை பார்க்கிறேன்.