மேட்டுக்கு முந்தி மூணு விரற்கடை

நெரிஸ் ப்யூ ரயில்காரி ஆனது சண்டை போடப் போன இடத்தில்தான்.

அவள் வேல்ஸ் மலைக்குள்ளே பஸ் ஓட்டுகிறவள். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு, ஆடு குறுக்கே வரும் ரோட்டில், மழையில், தனி ஆளாக. சனிக்கிழமையானால் ஒரு லெவல் கிராஸிங்கில் மாட்டிக்கொள்வாள். சம்பளம் வாங்காத கிழவர்கள் கூடி ஓட்டுகிற பழைய நீராவி ரயில் அது, சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. பஸ் தாமதமானதற்கு மொத்த வசவும் நெரிஸுக்கு. ஒரு சனிக்கிழமை ட்யூட்டி முடிந்ததும் யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் அவர்களுடைய ஷெட்டுக்குள் புகுந்து, வாங்கின வசவையெல்லாம் இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்தாள்.

உள்ளே உரித்துப்போட்ட கோழி மாதிரி ஒரு இஞ்சின் கிடந்தது. அதைச் சுற்றி நாலு பேர். நல்ல பிரசங்கம் கேட்கிற மாதிரி கடைசி வரை கேட்டார்கள். டீ கொடுத்தார்கள், திராட்சை போட்ட தட்டை ரொட்டி ஒன்று கொடுத்தார்கள், அப்புறம் கையில் ஒரு சுரண்டியையும் கொடுத்து, திட்டுகிற நேரத்தில் கை சும்மாதானே இருக்கிறது, இந்தத் துருவைக் கொஞ்சம் சுரண்டு என்றார்கள்.

அது பத்தொன்பது வருஷத்துக்கு முந்தி. இன்னும் சுரண்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.

கிடந்த இஞ்சினுக்கு டிலிஸ் என்று பெயர். கற்பலகைக் குவாரிக்காக நூறு வருஷத்துக்கு முன்னால் செய்தது. அது எழுந்து நிற்க ஒன்பது வருஷம் ஆனது. அதன் பிறகும் நெரிஸ் மூன்று வருஷம் துணியும் எண்ணெயுமாகத் துடைத்தாள், ஏழு வருஷம் கரி அள்ளிப் போட்டாள். திங்கள் முதல் வெள்ளி வரை ஊரையே அவளை நம்பி அனுப்புவார்கள். சனிக்கிழமை, நீராவியைத் திறந்து இஞ்சினை ஓட்டுகிற ரெகுலேட்டர் கைப்பிடியைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவார்கள். வீட்டில் புருஷன் இல்லை. இருந்தவன், ஒரே ஆளுக்கு எத்தனை எண்ணெய் வாசம்தான் தாங்கும் என்று சொல்லிவிட்டு எப்போதோ போய்விட்டான். அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று நெரிஸே சொல்வாள்.

இப்போது வயது ஐம்பத்தேழு, வலது முழங்கால் மழைக்கு முன்னால் பேசும். டிலிஸின் பாய்லருக்குப் பத்து வருஷ அனுமதி. இந்த அக்டோபரோடு தீர்கிறது. தீர்ந்தால் மறுபடி உரித்துப் போட்டு, மறுபடி ஏழோ எட்டோ வருஷம். ஆக, டிலிஸை அவள் ஓட்டுவதென்றால் இந்தக் கோடைக்குள் ஓட்ட வேண்டும். அதற்கு டிரைவர் பரீட்சை தேற வேண்டும். பரீட்சை என்பது மலை ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, அதே வண்டியை முழுசாகத் திரும்பக் கொண்டுவருவது. வழியில் அடுத்தவர் உதவி கேட்டால் பரீட்சை காலி.

ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பத்து நாற்பது வண்டி. நாலு பெட்டியும் நிறைந்திருந்தது. மழை. இஞ்சினில் மூன்று பேர். ரெகுலேட்டர் பக்கம் நெரிஸ். கரி வாரியோடு ஃபயர்மேன் ஹியூ பென்ரி. பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், நல்ல தொந்தி. மூலையில் பரீட்சைத் தாளைப் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு பல் எம்ரிஸ். அந்த ஊரில் வீட்டுப்பெயர் மொத்தமே ஐந்தாறுதான், அதனால் தொழிலைச் சேர்த்துத்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். நாற்பது வருஷம் பல் டாக்டர். ஜனங்களின் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டே கேள்வி கேட்டவர். இன்றைக்கு விதிப்படி அவர் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும். ஆபத்து என்றால் மட்டும் பேசலாம்.

மூன்று மைல் ஏற்றம். ஒரு மைல் ஏறியதும் இடது இன்ஜெக்டர் மக்கர் பண்ணியது. தொட்டித் தண்ணீரைப் பாய்லருக்குள் தள்ளுகிற சாமான் அது. தள்ளாமல் தண்டவாளத்தில் துப்பியது. ஹியூ வலதைத் திறந்தான். அது கொஞ்ச நேரம் தள்ளியது, அப்புறம் அதுவும் துப்பியது. மூடித் திறந்தான், சுத்தியலால் தட்டினான், வாளித் தண்ணீரை மேலே ஊற்றிக் குளிரவைத்தான். கடைசியில் கெட்ட வார்த்தையும் சொல்லிப் பார்த்தான். ஒன்றுக்கும் மசியவில்லை.

பாய்லரில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறதென்று காட்ட, டிரைவர் முகத்துக்கு நேரே ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. இஞ்சின் ஒவ்வொரு தடவை மூச்சுவிடும்போதும் அதில் தண்ணீர் இறங்கியது. பாதி. பாதிக்குக் கீழே. மலை உச்சிக்கு இன்னும் கால் மைல் இருக்கும்போது மூன்று விரற்கடை.

ஹியூ கணக்குப் போட்டான். உச்சி வரை இவ்வளவு செலவாகும், உச்சி தாண்டினால் இறக்கம், நீராவியே வேண்டாம், சும்மா உருண்டு போய் அடுத்த ஸ்டேஷனில் நிற்கலாம், அங்கே தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, சாமானைக் கழற்றிப் பார்க்கலாம்.

"கணக்குப்படி தண்ணி பத்தும்," என்றான். "ஒரு விரற்கடை மிச்சமே இருக்கும்."

நெரிஸ் கண்ணாடிக் குழாயையே பார்த்தாள். கணக்கு சரிதான். ஆனால் இஞ்சின் இப்போது மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறது. சாய்த்த தட்டில் ரசம் ஓடுகிற மாதிரி, பாய்லர்த் தண்ணீரெல்லாம் பின்பக்கம், நெருப்புப் பெட்டியின் கூரைமேல், கண்ணாடிக்குப் பக்கத்தில் சேர்ந்திருக்கிறது. மூன்று விரற்கடை என்று தெரிவதே அதனால்தான். உச்சியைத் தாண்டி மூக்கு கவிழ்ந்த அடுத்த நொடி அத்தனையும் முன்னால் ஓடும். நெருப்புக்கு மேலே வெறும் தகடு நிற்கும். அந்தத் தகட்டில் இரண்டு ஈயத் தக்கைகள் பொருத்தியிருக்கும். தண்ணீர் விலகினால் ஈயம் உருகும், நீராவி நெருப்பின்மேல் பாயும். அதோடு டிலிஸின் கோடை முடிந்தது. அந்த நேரத்தில் அடுப்பு வாயருகே நிற்கிறவன் தோலுக்கும் உத்தரவாதம் இல்லை.

நின்றுவிட்டாலோ, நெருப்பை வெளியே கொட்ட வேண்டும். டீசல் இஞ்சின் வந்து இழுத்துப் போக வேண்டும். பரீட்சை போச்சு.

எம்ரிஸைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆபத்தென்றால் பேசுவார். பேசவில்லை. அப்படியானால் ஆபத்து இல்லையா? இல்லை, இவள் என்ன செய்கிறாள் என்று பார்க்கிறாரா? பஸ்ஸில் இந்தத் தொல்லையே கிடையாது. அங்கே பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லோருமே பேசுவார்கள்.

இரண்டரை விரற்கடை. மழைத்திரைக்கு அப்பால் உச்சியின் வெள்ளைக் கம்பம் தெரிந்தது.

விசில் கொடுத்தாள். ரெகுலேட்டரை மூடினாள். பிரேக் போட்டாள். நாலு பெட்டியும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றன. இஞ்சின் இன்னும் மூக்கைத் தூக்கியபடியே இருந்தது.

"நெருப்பக் கொட்டு," என்றாள்.

"எது?"

"கொட்டு ஹியூ."

"அடியே, அந்தா தெரியுது உச்சி. பரீட்சை..."

"பரீட்சையையும் சேத்துக் கொட்டு."

நெருப்பைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தின் ஒரு பகுதியைக் கவிழ்த்துவிடக் கைப்பிடி இருக்கிறது. அது பத்து வருஷமாக யாரும் தொடாத கைப்பிடி, அசையவில்லை. இரண்டு பேரும் தொங்கினார்கள். அசைந்தது. முதல் குவியல் தண்டவாளத்துக்கு நடுவே விழுந்து மழையில் சீறியது. மீதியை நீளக் கம்பியால் வாரி வாரித் தள்ள வேண்டும். வெக்கையில் ஹியூவின் புருவம் கருகுகிற வாசம் வந்தது. அவன் கையிலிருந்து கம்பியைப் பிடுங்கி நெரிஸ் வாரினாள். முழங்கால் என்ன சொன்னதென்று அவள் காதில் விழவில்லை.

கண்ணாடியில் ஒரு விரற்கடை. அரை. நெருப்பு இன்னும் பாதி இருக்கும்போதே கண்ணாடி காலி.

காலியானாலும் தகட்டின்மேல் கொஞ்சம் தண்ணீர் இருக்கும். எவ்வளவு என்று சொல்லத்தான் கண்ணாடி இல்லை. எம்ரிஸ் பரீட்சைத் தாளைக் கீழே வைத்துவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு இறங்கி, கொட்டின கங்கின்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். எழுபத்திநாலு வயசு. யாரும் அவரைக் கேட்கவில்லை.

கடைசிக் கங்கும் விழுந்தது. தக்கை வெடித்த சத்தம் வரவில்லை. பெட்டிகளில் ஜனங்கள் சாண்ட்விச்சைப் பிரித்துத் தின்ன ஆரம்பித்திருந்தார்கள்.

எம்ரிஸ் ஏறி வந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"நானா இருந்தா போயிருப்பேன்," என்றார் மெதுவாக. "கணக்கு சரின்னு நெனச்சேன். நீ பிரேக்கப் போட்டதும்தான் கண்ணாடிய ஒழுங்காப் பாத்தேன்."

ஹியூ வெளியே பார்த்தான். எம்ரிஸ் தாளைக் கையில் எடுத்தார்.

"ஆனா கையெழுத்துப் போட முடியாது கண்ணு. வண்டி முழுசாப் போய் வரல. விதி அது."

"தெரியும்," என்றாள்.

டீசல் வர ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷெட்டில் டிலிஸின் பாய்லர் ஆறியிருந்தது. இன்ஜெக்டர் விஷயத்தை ஹியூ காலையிலேயே கண்டுபிடித்துவிட்டான். புது மழையில் ஓடைப் பாசி தொட்டிக்குள் வந்து, இரண்டு வடிகட்டியையும் கம்பளி போட்ட மாதிரி அடைத்திருந்தது. அது சின்ன வேலை. பெரிய கேள்வி தக்கை. ஈயம் துளி கசிந்திருந்தாலும் இந்தக் கோடையில் டிலிஸ் நகராது. அதைப் பார்க்க யாராவது அடுப்பு வாய் வழியாக நெருப்புப் பெட்டிக்குள் போக வேண்டும். வாய் ஒரு வாளி மூடி அகலம். ஹியூவின் தொந்தியை மூவரும் பார்த்தார்கள், ஹியூ உட்பட. நெரிஸ் ஜாக்கெட்டைக் கழற்றினாள்.

உள்ளே கல்யாண வீட்டு அடுப்பு மாதிரி கரி. மல்லாந்து படுத்து விளக்கைத் தூக்கினாள். முதல் தக்கை தட்டையாக, மங்கலாக, அழகாக இருந்தது. இரண்டாவதில், ஈயம் உருகிச் சொட்டின மாதிரி, ஒரு சின்ன மணி தொங்கியது. பளபளவென்று.

பத்தொன்பது வருஷமும் அந்த மணி அளவுக்குச் சுருங்கிப்போன மாதிரி இருந்தது.

"என்ன தெரியுது?" என்றது வெளியே எம்ரிஸின் குரல். பல் டாக்டர் குரல் இல்லை அது, நாற்காலியில் படுத்திருக்கிறவன் குரல்.

"இருங்க."

விரல் நகத்தால் தொட்டாள். உரிந்து வந்தது. கரிச்சாம்பல் உருகிப் பிடித்த பொருக்கு. அடியில் ஈயம், போட்டது போட்டபடி. எச்சில் தொட்டுத் துடைத்து இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறமும் ஒரு தடவை.

"ரெண்டும் முழுசா இருக்கு," என்றாள்.

வெளியே யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"அடுத்த சனி, பத்து நாப்பது," என்றார் எம்ரிஸ். "புதுத் தாள். மொதல்லேருந்து."

"அடுத்த சனி எனக்கு பஸ் ட்யூட்டி."

"மாத்திக்கோ."

"டிப்போல ஆர்வின்கிட்டதான் மாத்தணும். அவனுக்கு என்னக் கண்டாலே ஆகாது. பதிலுக்கு மூணு ஞாயித்துக்கெழம ட்யூட்டி பாக்கச் சொல்லிக் கேப்பான்."

"நாலு குடு," என்றார் பல் எம்ரிஸ். "அஞ்சு கேட்டாலும் குடு. இப்ப வெளிய வா, குனிஞ்சு குனிஞ்சு எனக்கு இடுப்பு போச்சு."