கார் சாயாமல் இருக்க ஒரு கம்பி

எழுபதுகளின் கடைசி. கல்கத்தாவில், லேக் கார்டன்ஸில் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். என் கணவருக்கு அலிப்பூரில் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். மகளுக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. அது தமிழா, பெங்காலியா என்று எங்களுக்கே தெரியாது.

முதலில் என் பெங்காலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நடந்தது புரியாது. வீட்டு வேலைக்கு ஒரு அம்மா வருவார். அவர் எனக்குப் பாடம் ஒன்றும் நடத்தவில்லை. என் மகளிடம் பேசுவார், நான் பக்கத்தில் நின்று பொறுக்கிக்கொள்வேன். 'ஆய்' என்றால் வா. 'கா' என்றால் சாப்பிடு. 'தோல்' என்றால் தூக்கு. குழந்தை சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால் 'நாமா, நாமா' என்று பின்னாலேயே ஓடுவார். கீழே இறக்கு என்று அர்த்தம். இதெல்லாம் குழந்தைகளிடமும் ரொம்ப நெருங்கியவர்களிடமும் மட்டும் பேசுகிற வாடா போடா பேச்சு என்பது எனக்கு எங்கே தெரியும்? தபால்காரரிலிருந்து டாக்டர் வரைக்கும் எல்லாரையும் அதே பேச்சில்தான் அதட்டிக்கொண்டிருந்தேன்.

கீழ்வீட்டில் ஒரு பெங்காலிக் குடும்பம். அவர் கல்லூரியில் பாடம் சொல்பவர், என் கணவரைவிடக் கொஞ்சம் பெரியவர். நாங்கள் அவரை 'தாதா' என்போம். நம்மூரில் தாதா என்றால் அரிவாள் ஞாபகம் வரும், அங்கே அண்ணன் என்று அர்த்தம். அவர் மனைவி 'பௌதி', அதாவது அண்ணி. குடிவந்த புதிதில் ஒருநாள் தாதாவுக்கு இட்லி கொண்டுபோய் முன்னால் வைத்து, மரியாதையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "கா!" என்றேன். தின்னுடா என்ற மாதிரி. மனிதர் திகைத்துப்போனார். அப்புறம் வயிறு குலுங்கச் சிரித்தார். பௌதி என்னைத் திருத்த வாயெடுத்தபோது தடுத்துவிட்டார். "அம்மா போனப்புறம் என்னை அப்படிக் கூப்பிட்டுச் சோறு போட ஆள் இல்லை. அவங்க இஷ்டத்துக்குப் பேசட்டும்" என்றாராம். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியும். ஆக என் பெங்காலி திருத்துவார் இல்லாமல் வளர்ந்தது.

இனி காருக்கு வருகிறேன். பல கை மாறி வந்த ஒரு சின்னக் காரை என் கணவர் வாங்கியிருந்தார். ஓடும், ஆனால் திருப்பத்தில் சாயும். இடது பக்கம் திரும்பினால் வலது பக்கம் போய்ப் படுத்துக்கொள்ளும். எனக்கோ பஸ் வாசனை பட்டாலே குமட்டுகிற உடம்பு. கரியாஹாட் மார்க்கெட்டுக்குப் போய் வருவதற்குள் ஓரங்கட்டுங்க, ஓரங்கட்டுங்க என்று கெஞ்சுவேன். ஒருநாள் நடுத்தெருவில் வாந்தி எடுத்து மானம் போனது. "இனிமே இந்த வண்டியில என்னைக் கூப்பிடாதீங்க. நான் ட்ராம்ல வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. கோபம் போலிருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

தாதாவிடம் ஒரு ஸ்கூட்டர்தான் இருந்தது, ஆனால் வெளிநாட்டுக் கார் பத்திரிகைகளை வரி விடாமல் படிப்பார். சொந்தக் கார் இல்லாத குறைக்கு எங்கள் காரைத் தத்தெடுத்துக்கொண்டார். அவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார், பின்பக்கத்துக்கு ஒரு 'ஸ்வே பார்' போட வேண்டுமென்று. அது ஒன்றுமில்லை, வளைத்த எஃகுக் கம்பி. நடுப்பகுதியைக் கார் உடம்பிலும் இரண்டு முனைகளைப் பின்சக்கரங்களின் பக்கமும் மாட்டிவிட்டால், ஒரு பக்கம் சாயப் பார்க்கும்போது கம்பி முறுக்கிக்கொண்டு இழுத்துப் பிடிக்கும். கார் செய்த கம்பெனி கொடுக்காத சாமான் அது. இரண்டு பேரும் பழைய கார் சாமான் விற்கிற மல்லிக் பஜாரை அலசி, ஏதோ வெளிநாட்டுக் காரில் இருந்த கம்பி ஒன்றைக் கொண்டுவந்து, பட்டறையில் கொடுத்து எங்கள் காருக்குத் தக்கபடி வளைத்துக்கொண்டார்கள். புதையல் கிடைத்த மாதிரி அதை மாடிப்படி ஓரத்தில் சாத்தி வைத்து, போகும்போதும் வரும்போதும் தடவிக்கொடுத்தார்கள்.

மாட்டுவதற்குப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை விஸ்வகர்மா பூஜையாக அமைந்தது. நமக்கு ஆயுத பூஜை எப்படியோ அப்படி அவர்களுக்கு. அன்று பெங்காலிகள் ஸ்பானரைத் தொடமாட்டார்கள், பொட்டு வைத்துக் கும்பிடுவார்கள். பௌதி முகத்தைச் சுளித்தார். என் கணவரோ, "நமக்கு ஆயுத பூஜை அடுத்த மாசம்தானே? இன்னிக்கு எடுத்தா என்ன?" என்றார். ஆசை யாரை விட்டது, தாதாவும் தலையாட்டிவிட்டார். கராஜ்கள் பூட்டிக்கிடந்தன. காரைத் தூக்கி அடியில் முட்டுக்கொடுக்கிற இரும்பு ஸ்டாண்டை இரவல் வாங்கலாம் என்றிருந்தார்கள், அது கிடைக்கவில்லை. முன்னமே வாங்கி வைத்திருந்த ஹைட்ராலிக் ஜாக் மட்டும் இருந்தது. பார்த்துப் பார்த்துச் செய்தால் போதும் என்று ஆரம்பித்துவிட்டார்கள்.

வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில் கார். ஒரு பின்சக்கரத்தைக் கழற்றி வெளியே போட்டாயிற்று. என் கணவர் பின்பக்கமாகத் தலையையும் தோளையும் அடியில் நுழைத்துப் படுத்துக்கொண்டார், இடுப்புக்குக் கீழே வெளியில். தாதா பக்கவாட்டில் ஜாக்கோடு உட்கார்ந்தார். ரிக்‌ஷா ஸ்டாண்டு பூஜைப் பந்தலில் மைக் அலறிக்கொண்டிருந்தது. எல்லா மொட்டைமாடியிலும் பட்டம். ஏதாவது ஒன்று அறுந்தால் 'போகாட்டா' என்று தெருவே கத்தும். இந்த இரைச்சலில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. இங்கிலீஷில்தான் தொடங்கினார்கள். கம்பியில் கை வைத்ததும் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் போய்விட்டது. அவர் அடியிலிருந்து தமிழில் சொல்வார், தாதா பெங்காலியில் கேட்பார். மகளை வேலைக்கார அம்மாவிடம் மாடியில் விட்டுவிட்டு, நடுவில் நான் குந்தினேன்.

"கொஞ்சம் தூக்கச் சொல்லு."

"தாதா, தோல்!"

"போதும் போதும். ஒரு நூல் இறக்கச் சொல்லு. ஓட்டை நேராகல."

"நாமா!"

நான் மெதுவாகச் சொன்னால் தாதா ஜாக்கின் திருகை ஒரு மயிரிழை தளர்த்துவார், சத்தமாகச் சொன்னால் கொஞ்சம் கூட. சொல்லி வைத்துக்கொள்ளாமலே இப்படி ஒரு கணக்கு எங்களுக்குள் வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை, நாம் இல்லாவிட்டால் இவர்களுக்கு ஒன்றும் ஓடாது என்று.

நடுவில் பௌதி பூவும் குங்குமமுமாக வந்தார், ஸ்கூட்டருக்குப் பூஜை செய்ய. வழியில் கழற்றிப்போட்ட சக்கரம் கிடந்தது. நகர்த்தச் சொன்னார். நான் எழுந்து காலாலேயே அதைக் காருக்கு அடியில் தள்ளிவிட்டேன். முழுசாகப் போகவில்லை. அங்கே கிடந்த செங்கல் ஒன்றின்மேல் ஏறிச் சாய்ந்தபடி நின்றுவிட்டது. "ஈஷ்! இன்னிக்குப் போய்ச் சக்கரத்தைக் காலாலயா!" என்று பௌதி பெங்காலியில் பதறினார். பாவம்தான் என்று குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடி வந்து குந்தினேன்.

அப்போது அடியிலிருந்து குரல் வந்தது. "ஏய், இங்க பாரு."

"என்னங்க? தூக்கணுமா?"

"அதில்ல. இது மாட்டியாச்சுன்னா வண்டி சாயாது. உனக்குக் குமட்டாது."

கம்பி எனக்காகத்தான் என்பது அந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியாது. இந்த மனிதருக்கு வாயைத் திறந்து சொன்னால் என்னவாம்?

"துர்கா பூஜா லீவுல பூரிக்குப் போயிட்டு வந்துரலாம். ஜகந்நாதரையும் பாக்கலாம், கடலையும் பாக்கலாம். நாம."

கல்கத்தா வந்ததிலிருந்து கடல் பார்க்க வேண்டும் என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தேன். காதில் வாங்கிக்கொண்டதாகக்கூட அவர் காட்டிக்கொள்ளவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மைக் சத்தத்துக்கு மேலே, இருக்கிற குரலையெல்லாம் கூட்டி, "நாமா?" என்றேன்.

கார் இறங்கிவிட்டது.

படிப்படியாக இல்லை, ஒரே மூச்சில். என் கணவரின் கால்கள் இரண்டும் ஒரு தடவை உதைத்துக்கொண்டு அப்படியே நின்றன. மைக் பாடிக்கொண்டேதான் இருந்தது. அவர் செருப்பின் அடியில் ஒரு பூ ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நான் அழவில்லை, சாமியைக் கூப்பிடவுமில்லை. செருப்பில் பூ ஒட்டியிருக்கிறதே, எடுக்க வேண்டுமே என்றுதான் தோன்றியது. மனசு அப்படியும் போகும் போலிருக்கிறது.

அப்புறம் அடியிலிருந்து குரல் கேட்டது. "உயிரோடதான் இருக்கேன். யாரும் வண்டியைத் தொடாதீங்க."

செங்கல்மேல் சாய்ந்து நின்ற சக்கரம் காரைத் தாங்கிக்கொண்டிருந்தது. தகரத்துக்கும் அவர் முகத்துக்கும் நடுவில் ஒரு கை நுழைகிற இடம். பௌதி போட்ட கூச்சலில் ரிக்‌ஷாக்காரர்கள் பந்தலை விட்டு ஓடிவந்தார்கள். 'ஹேய்யோ' என்று சேர்ந்து குரல் கொடுத்துக் காரின் பின்பக்கத்தைக் கையாலேயே தூக்கினார்கள். இரண்டு பேர் காலைப் பிடித்து அவரை வெளியே இழுத்தார்கள். காது கிழிந்து ரத்தம், முகமெல்லாம் கிரீஸ், வேறொன்றுமில்லை. எழுந்து உட்கார்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "யாரு இறக்கச் சொன்னது?"

தாதா தரையில் உட்கார்ந்திருந்தார். "இவங்கதான் சொன்னாங்களே, 'நாமா'ன்னு. அவ்வளவு சத்தமா" என்று என்னைக் காட்டினார்.

"ஐயையோ, நான் எங்க சொன்னேன்?" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கே விளங்கிவிட்டது. என் கணவருக்கும் விளங்கியது. தமிழில் 'நாமா' என்றால் நீயும் நானுமா என்று அர்த்தம், பூரிக்குப் போகலாம் என்றேன், அதற்கு இவள் கேட்டாள் என்று இங்கிலீஷில் தாதாவுக்குச் சொன்னார். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தாதா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

விஸ்வகர்மாதான் சக்கரத்தைக் கொடுத்துக் காப்பாற்றினார் என்பது பௌதியின் கட்சி. செங்கல் கிடந்தது தற்செயல் என்பது என் கணவரின் கட்சி. காரை இறக்கியதும் என் வாய், சக்கரத்தைத் தள்ளியதும் என் கால். இரண்டும் தெரியாமல் செய்தது. இதில் நான் எந்தக் கட்சியில் சேர?

பூஜை முடிந்து கராஜ் திறந்ததும் ஒரு மெக்கானிக் வந்து மிச்ச வேலையை முடித்துக் கொடுத்தார். கார் சாயவில்லை. பள்ளத்தில் விழுந்தால் மட்டும் முன்னைவிட அதிகமாகத் தூக்கிப்போட்டது. பூஜா லீவில் பூரிக்குப் போனோம். வழியெல்லாம் எனக்கு ஒரு குமட்டலும் இல்லை. கடலில் கால் நனைத்தேன்.

தாதாதான் மாறிப்போனார். கொஞ்ச நாள் எங்கள் கார் பக்கமே வரவில்லை. பிறகு ஒருநாள் மாடிக்கு வந்து, உட்காரக்கூட இல்லாமல், "பெரியவங்ககிட்ட இறக்குங்கன்னு சொல்றதுக்கு 'நாமான்'னு வார்த்தை இருக்கு. சாப்பிடுங்கன்னா 'கான்'. இனிமே என்கிட்ட அப்படித்தான் பேசணும்" என்றார். எனக்கு முகம் செத்துவிட்டது. இத்தனை நாள் அவரை வாடா போடா என்று பேசியிருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். எதற்கு என்பதைப் பௌதி சொன்னார். அம்மா பேசுகிற மாதிரி இருக்கிறது என்று அவர் ஆசைப்பட்டு விட்டுவைத்த பேச்சு ஒரு உயிரை வாங்கியிருக்கும், அதனால் அது தனக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாராம். அதன் பிறகு எத்தனையோ தடவை இட்லி கொடுத்திருக்கிறேன், 'கான்' என்று ஒழுங்காகச் சொல்லி. ஒழுங்காக நன்றி சொல்லி வாங்கிக்கொள்வார். அந்தச் சிரிப்பு மட்டும் வரவில்லை.

சில வருஷத்தில் சென்னைக்கு மாற்றல் வந்தது. ஹௌரா ஸ்டேஷனுக்கு வழியனுப்ப இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ரயிலுக்குக் கட்டிய இட்லியில் ஒரு பொட்டலத்தைத் தனியாக வைத்திருந்தேன். வண்டி நகரப்போகிற நேரத்தில் அதை ஜன்னல் வழியே தாதாவின் கையில் திணித்து, "கா!" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். பிறகு பிளாட்பாரத்தில் அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நின்றபடியே பொட்டலத்தைப் பிரித்து, மிளகாய்ப்பொடி விரலில் ஒழுக, சாப்பிட ஆரம்பித்தார். சிரித்தாரா அழுதாரா என்று பார்ப்பதற்குள் வண்டி தள்ளிப்போய்விட்டது.

எங்களுக்கு வயதாகிவிட்டது, காரும் இல்லை. இப்போதும் என் கணவர் எங்காவது போய்வரலாம் என்றால், "ரெண்டு பேருமா?" என்றுதான் கேட்கிறேன். அந்த இன்னொரு வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வரும். எதிரே நாற்காலியில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிற மனிதரைக் கண்ணால் பார்த்துக்கொண்டேகூட, அதை வெளியே விட இன்றுவரை எனக்குத் துணிச்சல் வரவில்லை.